ஒற்றை மணிக்காரர்கள்

தொலைபேசி ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? யாரோ கை தவறி அழுத்திவிட்டார்கள் என்று நினைத்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த ஒரு மணியை வேண்டுமென்றே அடித்துவிட்டு வைக்கிற உத்தியோகம் ஒன்று உண்டு, அதற்கு மாதா மாதம் சம்பளமும் உண்டு என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. அப்படி மணியடித்த ஒருத்தியின் வீட்டிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

ஒரு வணிக மேலாண்மைக் கல்லூரி. அதன் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை. மூன்று மேசைகள், கம்பி முறுக்கிக்கொண்ட ஒரு தொலைபேசி, சுவர் நிறைய ஆண்டுவாரியாகச் சட்டம் போட்டு மாட்டிய தரவரிசைப் பக்கங்கள். அங்கே வேலை பார்த்தவளுக்கு முப்பத்தைந்து வயது. எந்நேரமும் ஒரு நீளமான பட்டியலோடு உட்கார்ந்திருப்பதால் அவளைப் பட்டியலக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த பேராசிரியர்களுக்கும் அவள் அக்காதான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அக்காவின் வேலை இதுதான். ஒரு பத்திரிகை வருடா வருடம் இந்த மாதிரிக் கல்லூரிகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக நிறுத்தும். யார் எங்கே நிற்பது என்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைப் பொறுத்தது. படித்து முடித்து மூன்று வருடம் ஆன பிள்ளைகள் இப்போது சராசரியாக என்ன சம்பளம் வாங்குகிறார்கள்? அந்த எண். அக்கா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பிடித்து, நலம் விசாரித்து, பக்குவமாகச் சம்பளத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

எழுதுவதற்கும் விதிகள் இருந்தன. மேலே படிக்கப் போனவர், சொந்தத் தொழில் தொடங்கியவர், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர் ஆகியோர் கணக்கில் சேர மாட்டார்கள். வேலை இல்லை என்று வாயால் சொன்னவருக்குச் சம்பளம் பூஜ்யம் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். ஆனால் கூப்பிட்டும் கிடைக்காதவரைச் சேர்க்க வேண்டாம். வகுப்பில் பாதிப் பேரின் பதில் இருந்தால் போதும்.

எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். ஒரு வீட்டில் பத்துப் பேர். உயரம் அளக்க ஆள் வருகிறார். குள்ளமான மூன்று பேரை, “கொஞ்சம் பின்பக்கம் போய் நில்லுங்க” என்று அனுப்பிவிட்டால், அந்த வீட்டார் எல்லோரும் உயரமானவர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவரும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. ஒருவரும் பொய் சொல்லவும் இல்லை.

அந்தப் பின்பக்கம் அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தவர் பிரிவின் தலைவர். அவருக்கு முதுகுக்குப் பின்னால் சராசரி சார் என்று பெயர். வீட்டில் பிள்ளைகளின் மதிப்பெண்களைக்கூடச் சராசரி போட்டுப் பார்த்த பிறகுதான் திட்டுவாராம். ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர். மெதுவாகப் பேசப் பேசத்தான் எதிரில் நிற்பவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

“பச்சைக் கோடு போட்டவங்களை விடாதீங்க. அஞ்சு தடவை, ஆறு தடவை கூப்பிடுங்க. நல்ல சம்பளக்காரங்க பிஸியா இருப்பாங்க,” என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். “வேலை போனவங்க, சம்பளம் கம்மியானவங்கன்னு தெரிஞ்சு பென்சில் புள்ளி வெச்சவங்களுக்கு ஒரு மணி போதும். ஒண்ணு அடிச்சதும் வெச்சிடுங்க. ‘அழைத்தோம், பதில் இல்லை’ன்னு எழுதுங்க. அழைச்சோம்தானே? அதுல பொய் ஒண்ணும் இல்லையே?”

பக்கத்து மேசையில் ஒரு வாயாடி இருந்தாள். அவள் சும்மா இருப்பாளா? “எங்க வீட்டுக்காரரும் இதே டெக்னிக்தான் சார். ‘பாத்திரம் கழுவட்டுமா’ன்னு ஒரே ஒரு தடவை கேட்பாரு. நான் திரும்பறதுக்குள்ள ஆளே இருக்க மாட்டாரு.”

அக்கா போன வருடம் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். வீட்டில் மூன்று பேர்தான். அக்கா, அம்மா, தம்பி. தம்பியும் அதே கல்லூரியில் படித்தவன்தான். ஊழியர் குடும்பம் என்று பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. படித்து முடித்ததும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். காலை எட்டு மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மாதம் பிறந்தால் அம்மா கையில் பணம் வந்துவிடும். அன்று அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். புரையேறித் தலையில் தட்டிக்கொண்டு, “அப்ப அவங்கெல்லாம் ஒத்தை மணிக்காரங்களாக்கா?” என்றான். அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். அக்கா மறுநாள் அலுவலகத்தில் போய்ச் சொல்ல, அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த வருடம் தம்பியின் வகுப்பு முறை.

நூற்றிருபது பேர் கொண்ட பட்டியல் மேசைக்கு வந்தபோது அக்கா விரலை வைத்து அவன் பெயரைத் தேடினாள். நம் வீட்டுப் பெயரை அச்சில் பார்த்தால் ஒரு சந்தோஷம் வருமே, அந்தச் சந்தோஷத்தோடுதான் தேடினாள். அறுபத்து மூன்றாவது வரி. பெயர், தொலைபேசி எண், அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

கடுகளவு புள்ளி. அழிப்பானை எடுத்தாள், வைத்தாள். பிறகு பட்டியலைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனாள்.

“சார், இந்த அறுபத்து மூணு… இது என் தம்பி.”

“தெரியும்மா. அதனாலதான் அந்தப் புள்ளியை நானே வெச்சேன். உங்க கையால வைக்க வேண்டாமேன்னு.”

“அவன் வேலையிலதான் சார் இருக்கான். இன்னைக்குக் காலையிலகூட ஆபீஸுக்குத்தான் போனான்.”

சராசரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருந்தா ரொம்ப நல்லது. அப்ப ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க? கூப்பிட்டுக் கேளுங்களேன். நிறைய மணி அடிங்க. நான் வேண்டாம்னு சொல்லலையே.”

அவர் காதுக்கு வராத செய்தி கிடையாது. எந்த நிறுவனம் ஆளெடுக்கிறது, எது ஆளைக் குறைக்கிறது, எது கதவைச் சாத்தியது என்று பழைய மாணவர்கள் யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

அக்கா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அதுவரை கண்ணில் பட்டும் மனதில் படாதவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. தம்பியின் அடையாள அட்டை சில மாதங்களாகப் பின்பக்கம் திரும்பியே தொங்குகிறது. அவன் விரல் நுனிகளில் மெல்லிய கீறல்கள். “என்னடா இது?” என்று கேட்டதற்கு, “பிரிண்டர் பேப்பர்க்கா, பிளேடு மாதிரி இருக்கு” என்றான். பிரிண்டர் பேப்பர் பத்து விரலையுமா கிழிக்கும்? காலணி இரண்டும் சிமெண்ட் தூசி படிந்து வெளுத்திருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் காலணி அப்படியா இருக்கும்?

கேட்டுவிடலாம். ஒரே ஒரு கேள்வி. ஆனால் பதில் வந்துவிட்டால்? வந்த பதிலைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியாதே. பூஜ்யம் என்று தன் கையால் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டு முடிக்கும்வரை, பத்து நாள் அந்த வரியைத் தள்ளிப்போட்ட அக்கா, கடைசியில் ஒரு மத்தியானம் தொலைபேசியை எடுத்தாள். எண்களை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு மணி அடித்தது. அவள் கை தானாக வைத்துவிட்டது.

அழைத்தோம். பதில் இல்லை.

அன்று மாலை தம்பி வழக்கம் போல வந்தான், வழக்கம் போலக் கை கழுவினான். சாப்பிட உட்கார்ந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“இன்னைக்கு காலேஜ்ல இருந்து எனக்கு ஒரு போன் வந்துச்சும்மா.”

“அப்படியா? என்னவாம்?” என்றாள் அம்மா.

“தெரியல. போன் கையிலதான் இருந்துச்சு. எடுக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. ஒரே ஒரு மணி.”

“திரும்ப அடிக்க வேண்டியதுதானேடா.”

“அடிச்சா எடுக்க மாட்டாங்கம்மா. எங்களுக்கெல்லாம் ஒண்ணுதான். இல்லையாக்கா?”

அவன் சிரித்தான். போன வருடம் சிரித்த அதே சிரிப்பு, சத்தம் மட்டும் இல்லை. அக்கா குவளையை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். “நாளைக்குப் பேசலாம்டா” என்று சொல்ல நினைத்தாள். “குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு.

“ஏண்டி, தம்பி அந்த அட்டையை வெச்சுட்டுப் போயிட்டான். அது இல்லாம உள்ள விடுவாங்களா? போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறான்.”

“மறந்திருப்பான்மா.”

“மறந்தவன் எங்கேயாவது போட்டுட்டுப் போவான். இது அலமாரியில இருக்கு. பட்டையைச் சுத்தி மடிச்சு, நடுவுல நேரா வெச்சிருக்கான். என் புடவை மேல.” அம்மாவின் குரல் தாழ்ந்தது. “எனக்கு என்னமோ மாதிரி இருக்குடி.”

எதையும் ஒழுங்காக மடித்து வைக்கிற பிள்ளை இல்லை அவன். துவாலையை நாற்காலி மேல் எறிகிறவன். அட்டையை மடித்து அம்மாவின் புடவை மேல் வைத்துவிட்டுப் போகிறான் என்றால்? அவன் போகிற வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அவள் அந்தப் பாலத்தை நினைக்கவில்லை. நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவன் எண்ணுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட எழுந்த நேரத்தில் கதவு திறந்தது. சராசரி சாரும், அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணியும் உள்ளே வந்தார்கள்.

பத்திரிகையிலிருந்து கணக்கைச் சரிபார்க்க வந்தவர் அவர். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் பையும், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியும், தொண்டைக்கு ஒரு மிட்டாயுமாக வந்தார். சார் ஒரு கனமான கோப்பை அவர் முன் வைத்தார். பச்சைக் கோடு போட்டவர்களின் சம்பளச் சீட்டுகள், வண்ண வண்ண ஒட்டுத் தாளோடு.

பெண்மணி கோப்பைத் திறக்காமலே மூடினார். “கிடைச்சவங்களை எல்லா காலேஜும் எனக்கு அழகாக் காட்டுவாங்க. கிடைக்காதவங்க எங்க?”

‘அழைத்தோம், பதில் இல்லை’ என்று எழுதிய முப்பத்தொரு பேரின் தாளை அக்காதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. புள்ளிகள் அழிக்கப்பட்டிருந்தன. அழித்த இடம் லேசாகப் பளபளத்தது.

“நீங்க ஒரு எண் சொல்லுங்க. ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள.”

“மூணு,” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் எதற்கு என்று புரிந்தது.

“சரி. மூணாவது ஆள்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு அஞ்சாவது ஆளையும் கூப்பிடலாம். உங்க போன்லயே. ஸ்பீக்கர்ல போடுங்க.”

மூன்று, எட்டு, பதின்மூன்று. பதின்மூன்றாவது பெயர் எது என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

மூன்றாவது ஆள் நான்காம் மணியில் எடுத்துவிட்டாள். குழந்தை அழும் சத்தத்தோடு ஒரு பெண் குரல். “காலேஜா! அடேயப்பா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? போன வாரம் ஒரு மிஸ்டு கால் இருந்துச்சு. திருப்பி மூணு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. சம்பளமா? ஒரு கடையில அரை நாள் பில் போடறேன். எழுதிக்கோங்க, எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.” எட்டாவது எண் நிஜமாகவே மாறிப்போயிருந்தது. யாரோ ஒரு தையல்காரர் எடுத்து, சட்டை நாளைக்குத்தான் ஆகும் என்றார்.

“அடுத்தது,” என்றார் பெண்மணி.

அக்கா அழுத்தினாள். நேற்று அழுத்திய அதே எண்கள். ஒன்று. நேற்று இங்கேதான் வைத்தாள். இரண்டு. மூன்று. சராசரி சார் சுவரில் மாட்டியிருந்த சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்காதேடா, என்று முதலில் அவள் மனம் கெஞ்சியது. எடுத்தால் உன் பொய்யும் என் பொய்யும் இங்கேயே உடையும். ஐந்து. ஆறு. ஏழாவது மணியில் அந்தக் கெஞ்சல் திரும்பிவிட்டது. எடுடா. எது உடைந்தாலும் உடையட்டும். எடுத்துவிடு. பன்னிரண்டு மணிகளுக்குப் பிறகு சத்தம் நின்றது.

“எடுக்கல. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி போடலாம். மூணு தடவை பார்ப்பேன். அதுதான் என் வழக்கம்,” என்றார் பெண்மணி. பதினெட்டாவது ஆளுக்குப் போனார்.

அக்கா தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே வந்தாள். நடையில் நின்று தன் கைபேசியிலிருந்து அடித்தாள். இல்லை. அம்மா கூப்பிட்டாள். “பேசினானாடி?” “மீட்டிங்ல இருப்பான்மா.” “நீ எதையோ மறைக்கிற.” “இல்லம்மா.” அடையாள அட்டையில் இருக்கிற நிறுவனத்துக்கே அடித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அட்டை அம்மாவிடம் இருந்தது. அந்த எண்ணை அவள் ஒரு நாளும் குறித்துக்கொண்டதில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து முந்நூறு பேர் சம்பளத்தை விசாரித்தவள், தன் வீட்டுப் பிள்ளை வேலை செய்யும் இடத்தின் எண்ணைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

இரண்டாம் முறை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை. இல்லை. இடையில் மற்றவர்களைப் பிடித்தார்கள். சிலர் பேசினார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவன், “அக்கா, உங்க குரல் ஞாபகம் இருக்கு, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தனக்கு ஏழு மாதமாக வேலை இல்லை என்றான். அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது, எழுதியும் கொண்டாள். ஆனால் கண்முன்னால் இருந்தது ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான்.

வாயாடி எழுந்து வந்தாள். ஒரு குவளைத் தண்ணீரை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

பன்னிரண்டே கால். “கடைசித் தடவை. இதுல எடுக்கலைன்னா கிடைக்கலைன்னு நானே எழுதிக்கறேன்.”

கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை அக்கா எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள்? அத்தனை வீட்டிலும் யாராவது இப்படி நின்றிருப்பார்களோ?

ஒன்று. இரண்டு. மூன்று. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். ஆறு. ஏழு. எட்டு. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது.

“ஹலோ?”

மூச்சு வாங்கும் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. ஒட்டு நாடாவை நீளமாகக் கிழிக்கும் சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான். அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் வரட்டும்.

பெண்மணி தன்னை அறிமுகம் செய்துகொண்டு, “இப்ப பேசலாமா?” என்றார்.

“சாப்பாட்டு நேரம்தான், பேசலாம். வேலை நேரத்துல போனைப் பெட்டியில பூட்டி வெச்சிடுவாங்க, அதான் எடுக்க முடியல. நாப்பது மிஸ்டு கால் இருக்கு. வீட்டுல செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டாங்க போல.”

யாரும் சிரிக்கவில்லை.

“எங்க வேலை பார்க்கறீங்க?”

இயந்திரச் சத்தத்தை விட்டு விலகி நடக்கும் காலடி கேட்டது.

“ஒரு சரக்குக் கிடங்குல. பெட்டி பிரிச்சு எண்ணி அடுக்கற வேலை. மணிக் கணக்குக்குக் கூலி. பதினோரு மாசமா. அதுக்கு முன்னாடி இருந்த கம்பெனி மூடி பதினாலு மாசம் ஆச்சு. நடுவுல மூணு மாசம் சும்மா பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதணுமா?”

“வேண்டாம். கூலி எவ்வளவு?”

அவன் சொன்னான். பெண்மணி எழுதினார். அக்கா மனதுக்குள் மாதங்களைக் கழித்துப் பார்த்தாள். போன வருடம் புரையேறச் சிரித்தானே, அன்றைக்கு அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறான்.

“கடைசியா ஒண்ணு,” என்றார் பெண்மணி. “இதுக்கு முன்னாடி காலேஜ்ல இருந்து உங்களைக் கூப்பிட்டாங்களா?”

சராசரி சார் திரும்பினார். தம்பிக்கு எல்லாம் தெரியும். மணியடிப்பது யார், அந்த அறையில் இப்போது யார் உட்கார்ந்திருப்பாள், தன் ஒரு வார்த்தையில் யார் வேலை போகும் என்பதெல்லாம்.

“கூப்பிட்டாங்க,” என்றான். “நிறைய தடவை. நான்தான் எடுக்கல. வெக்கமா இருந்துச்சு. அவங்க மேல தப்பு இல்ல.”

சாருடைய தோள்கள் இறங்கின. பெண்மணி பேனாவைத் தாளில் வைத்தார்.

“ஒரே மணி,” என்றாள் அக்கா.

தன் குரல்தான் அது என்று அவளுக்கே தெரியவில்லை. “ஒரே ஒரு மணிதான் அடிச்சுது. நேத்து மத்தியானம். நான்தான் அடிச்சேன். நான்தான் வெச்சேன். அவன் என் தம்பி.”

“அக்கா…” என்றது தொலைபேசி.

“ஏம்மா,” என்றார் சார், எப்போதையும்விட மெதுவாக. “யோசிச்சுப் பேசுங்க. அந்தப் பையன் பாதிக் கட்டணத்துல படிச்சது இந்தக் காலேஜ்லதான்.”

“தெரியும் சார்.” நாற்காலியைப் பிடித்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். புள்ளி, பச்சைக் கோடு, மணி எல்லாம். “அவன் மட்டும் இல்ல. இந்தத் தாள்ல இருக்கற முப்பத்தொரு பேருக்கும் அப்படித்தான். ஒண்ணு அடிச்சு வெச்சிடுவோம்.”

பெண்மணி மிட்டாயை வாயின் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. இதைப் போல நிறையப் பார்த்தவர் போல இருந்தது. அதுதான் அக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“மிச்சம் இருபத்தஞ்சு பேர். இன்னைக்கே கூப்பிடுங்க. எடுக்கற வரைக்கும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

அக்கா முதலில் அம்மாவுக்கு அடித்து, “பேசிட்டான்மா, நல்லா இருக்கான், சாயங்காலம் வந்துடுவான்” என்று மட்டும் சொல்லி வைத்தாள். அன்று மதியம் முழுவதும் எண்களை அழுத்தினாள். முதல் மணி அடித்து முடியும்போதெல்லாம் அவள் கை பழக்கத்தில் வைக்கப் போகும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்வாள். பத்தொன்பது பேர் எடுத்தார்கள். பதினொரு பேருக்கு வேலை இருந்தது, சிறிய சம்பளம். எட்டுப் பேருக்கு அவள் பூஜ்யம் எழுதினாள். ஒவ்வொன்றும் முட்டை மாதிரி உருண்டையாக வரும்வரை அழித்து எழுதினாள். எடுக்காத ஆறு பேரின் எண்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு சராசரி சார் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். “நாளைக்குக் காலையில முதல்வர் அறைக்கு வாங்கம்மா.” அது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் அட்டை இல்லாமல், கிடங்கின் தூசியோடு, சட்டைப் பையில் ஒரு பேனா மட்டும்.

“ஏன்கா சொன்னே? நான்தான் சமாளிச்சுட்டேனே.”

“நீ ஏன்டா சொல்லல? பதினாலு மாசமா!”

“நீ ஏன் கேக்கல?”

இரண்டு பேரும் நடந்தார்கள். பாலத்தின் மேல் போகும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, ரோடு கிராஸ் பண்ற சின்னப் பையனா நான்?”

“பேசாம வாடா.”

“அட்டையை வேணும்னேதான் வெச்சுட்டுப் போனேன். நீ அந்த ஒத்தை மணியை அடிச்சப்புறம் அதை மாட்ட முடியல. அம்மா பார்த்துட்டுக் கேக்கட்டும், சாயங்காலம் வந்து சொல்லிடலாம்னு நெனச்சேன். அம்மாகிட்ட யாருக்கா சொல்றது?”

“நான் சொல்றேன்.”

சொல்கிறேன் என்றாளே தவிர, தெருமுனை வந்ததுமே அவள் நடை தளர்ந்தது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம். மாதம் பிறந்தால் வந்த பணத்தை எல்லாம், “என் மகன் ஆபீஸ் சம்பளம்” என்று சொல்லிச் சொல்லிச் செலவழித்தவள். படியேறும்போது எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அக்கா வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். அழைப்பு மணிக்குக் கையை நீட்டும் முன்பே கதவு திறந்துவிட்டது.

அம்மா நின்றாள். ஒரு கையில் அட்டை, மறு கையில் தொலைபேசி. காலையில் கட்டிய கொண்டை அவிழ்ந்து கிடந்தது. மத்தியானம் சாப்பிட்ட மாதிரி இல்லை.

“இந்த அட்டைக்குப் பின்னால ஒரு நம்பர் இருந்துச்சுடா,” என்றாள். “அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. ஆபீஸ்னா ஒருத்தர்கூடவா எடுக்க மாட்டாங்க? மறுபடி அடிச்சேன். காலையில இருந்து அடிக்கறேன். எடுக்கற வரைக்கும் அடிக்கறதுன்னு உட்கார்ந்திருந்தேன்.”

தம்பி அம்மாவின் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டான்.

அக்கா அம்மாவின் கையிலிருந்த தொலைபேசியை மெல்ல வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். எங்கேயோ ஒரு காலி அறையில், மேசைகூட இல்லாத வெறும் தரையில், அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“அங்க யாரும் இல்லம்மா,” என்றாள் அக்கா. “உள்ள வா. நாங்க சொல்றோம்.”